ஏடிவி இன்ஜினில் ஆயில் கசிவு: பேக்கிங், சீல் மாற்றும் முறை

கடற்கரை மணலிலும் தோப்புகளிலும் ஓடுகிற சின்ன ஏடிவி (எந்தத் தரையிலும் ஓடும் நான்கு சக்கர) வண்டிகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் இருப்பது ஒரே குடும்பத்து இன்ஜின்தான். 110 அல்லது 125 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றிலேயே ஆறுவது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்காமல் முன்பக்கம் நீட்டிப் படுத்திருக்கும். 1960-களில் ஹோண்டா தன் கப் வண்டிகளுக்காகச் செய்த ஓவர்ஹெட் கேம் இன்ஜினின் வாரிசு இது. இங்கே சொல்வதெல்லாம் இந்தப் படுத்த இன்ஜினுக்கு. தண்ணீரில் ஆறுகிற பெரிய ஏடிவிகளுக்கு அடிப்படை ஒன்றுதான் என்றாலும் அளவுகள் வேறு. அவற்றுக்கு அந்தந்தக் கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

கசிகிறது என்றதும் பேக்கிங் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் வைக்கும் தாள் அல்லது தகடு) செட் வாங்க ஓடுவதுதான் வழக்கம். புதுப் பேக்கிங் போட்டு ஒரு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி ஆயில் வந்தால், பழைய பேக்கிங் மேல் பழி இல்லை. அதைக் கெடுத்த காரணம் உள்ளேயே இருக்கிறது. அதனால் ஸ்பானரைத் தொடும் முன் அரை மணி நேரம் தேடலுக்கு ஒதுக்குங்கள்.

எங்கே கசிகிறது

இன்ஜினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, சோப்புத் தண்ணீர் ஊற்றி அலசி, நன்றாகக் காய விடுங்கள். பிறகு சந்தேகப்படும் இடமெல்லாம் முகப்பவுடரை ஊதித் தூவுங்கள். பத்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும். பவுடர் முதலில் எங்கே நனைந்து கருக்கிறதோ அதுதான் ஊற்றுக்கண். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. இந்த இன்ஜினில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு டேப்பெட் மூடிகள் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யத் திறப்பவை) உண்டு. மேல் மூடியின் ஓ-ரிங் காய்ந்துபோனால் ஆயில் ஹெட்டின் இறக்கைகளுக்கு இடையே வழிந்து, ஹெட்டும் சிலிண்டரும் சேரும் கோட்டில் தேங்கி நிற்கும். பார்ப்பவர் ஹெட் பேக்கிங் போச்சு என்பார். சின்ன ஓ-ரிங்குக்காக இன்ஜினையே பிரித்த கதைகள் பட்டறைகளில் ஏராளம். கீழ் மூடி எப்போதும் ஆயிலிலேயே ஊறுவதால், அது இன்னும் சீக்கிரம் கசியும்.

அடுத்து, இன்ஜினுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போக வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். சில வண்டிகளில் சேசிஸுக்கு இடையே மாட்டிக் குழாய் மடங்கியிருக்கும். பிஸ்டன் கீழே வரும்போது கிராங்க் கேஸுக்குள் இருக்கிற காற்று வெளியேற வழி இல்லாவிட்டால், எந்தச் சீல் (தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம்) பலவீனமாக இருக்கிறதோ அதைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். குழாய் திறந்திருந்தும் அதன் வழியே புகை இடைவிடாமல் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ரிங்கை விட்டுவிட்டுப் பேக்கிங் மட்டும் மாற்றினால் காசுதான் வீண்.

ஆயில் அளவும் முக்கியம். இந்த இன்ஜினில் டிப் ஸ்டிக்கை மரையில் திருகாமல், துளையின் மேல் உட்கார வைத்துத்தான் அளக்க வேண்டும். திருகி அளந்தால் குச்சி ஆழமாக இறங்கி, ஆயில் சரியாக இருந்தும் அதிகமாகக் காட்டும். "குறைச்சலாக இருக்கிறதே" என்று கோட்டுக்கு மேலே ஊற்றியவர்களும் உண்டு. கொள்ளளவு பெரும்பாலும் 800 மில்லியை ஒட்டித்தான் இருக்கும். ஒரு லிட்டர் பாட்டிலை அப்படியே கவிழ்ப்பது இங்கே செல்லாது.

ஹெட் பேக்கிங் உண்மையிலேயே போயிருந்தால் அடையாளம் வேறு மாதிரி இருக்கும்: சேரும் கோட்டில் கரிக்கோடு, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் "சிக் சிக்" என்று காற்று பீறும் சத்தம், சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்.

வாங்குவதற்கு முன்

"110 சிசி பேக்கிங் கிட்" என்று கேட்டு வாங்காதீர்கள். 110-இல் போர் அளவு (சிலிண்டரின் உள்விட்டம்) பெரும்பாலும் 52.4 மி.மீ. 125 என்று விற்பவற்றில் 52.4-உம் உண்டு, 54-உம் உண்டு. 54 போரில் 52.4 பேக்கிங் போட்டால் அதன் உள்விளிம்பு எரியும் அறைக்குள் நீட்டிக்கொண்டு நின்று, சிவந்து, எரிந்து போகும். முடிந்தால் பிரித்த பிறகு பழைய பேக்கிங்கைக் கையில் எடுத்துப் போய், புதியதை அதன் மேல் வைத்து ஒவ்வொரு துளையும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆயில் சீலின் முகத்தில் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். 17-29-5 என்று இருந்தால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 29, தடிமன் 5 மி.மீ. இந்த மூன்றும் பொருந்தினால் போதும், எந்த வண்டியின் சீல் என்பது முக்கியமில்லை. சீல் கடையில் எண்ணைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள். டேப்பெட் மூடி ஓ-ரிங், டிரெயின் போல்ட்டின் வாஷர், ஹெட் நட்டுக்கான செம்பு வாஷர், சைலன்சர் வளையப் பேக்கிங் ஆகியவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்; கிட்டில் இவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் விடுபட்டிருக்கும். ஆயில், ஜாசோ எம்ஏ (டூவீலர் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறி) என்று போட்ட 10டபிள்யூ-30 டூவீலர் ஆயில். இந்த இன்ஜினில் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருக்கிறது. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

கருவிகளில் தவிர்க்க முடியாதது ஒன்றே ஒன்று: 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச். கை அளவுக்கு இறுக்குவேன் என்பவர்கள்தான் அலுமினிய மரையைப் பிய்ப்பவர்கள். மற்றபடி 8, 10, 14, 17 நம்பர் சாக்கெட், பிளக்குக்கு 16 நம்பர், ஃபீலர் கேஜ், நைலான் சுத்தி, பனியன் வேஸ்ட், ஒரு கெட்டியான அட்டை. ஆறு மி.மீ. தடிமனுள்ள கண்ணாடித் துண்டும் 400 நம்பர் உப்புத்தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

பிரிப்பது

சூடாக இருக்கும்போதே ஆயிலை இறக்கிவிட்டு, மற்ற வேலைக்கு இன்ஜின் முழுதாக ஆறும் வரை காத்திருங்கள். இன்ஜினின் அடியில் இரண்டு போல்ட் தெரியும். 17 நம்பர் தலை உள்ளது ஆயில் டிரெயின். அதன் அருகில் இருக்கும் 14 நம்பர், டைமிங் செயின் டென்ஷனரின் ஸ்பிரிங்கைப் பிடித்து நிற்பது. தவறிப்போய் இதைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் தண்டும் ஆயில் தட்டுக்குள் விழும். விழுந்தால் பதற வேண்டாம், துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டைக் கழற்றும்போது செயின் தளர்வதற்கு எப்படியும் அதைக் கழற்றத்தான் வேண்டும்.

கார்புரேட்டர், மேனிஃபோல்டு, சைலன்சர், பிளக் எல்லாம் கழன்ற பின் இடப்பக்க மேக்னெட் மூடியைத் திறந்து, மேக்னெட்டில் உள்ள டி குறி கேஸில் உள்ள கோட்டுக்கு நேராக வரும் வரை சுற்றுங்கள். இரண்டு டேப்பெட்டும் விரலுக்கு லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் அது எக்ஸாஸ்ட் முடியும் நேரம். இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஹெட்டின் இடப்பக்கத்து வட்ட மூடியை, வலப்பக்கத்திலிருந்து ஹெட்டைக் குறுக்காகத் துளைத்து வரும் ஒரே நீள போல்ட் பிடித்திருக்கும். அது கழன்றதும் கேம் ஸ்ப்ராக்கெட் தெரியும். அதில் உள்ள வட்டக் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றும் முன் செயினைக் கம்பியில் கட்டி மேலே மாட்டிவிடுங்கள்.

ஹெட்டின் முகத்தில் உள்ள நான்கு நட்டையும் மூலைவிட்டமாக, ஒரு முறைக்குக் கால் சுற்று வீதம் தளர்த்த வேண்டும். எந்த வாஷர் எந்த ஸ்டட்டில் இருந்தது என்பதை அட்டையில் குறித்து அங்கேயே குத்தி வையுங்கள். நான்கில் ஒன்று செம்பு வாஷர். கேமுக்கு ஆயில் ஏறுவது ஒரு ஸ்டட்டின் துளை வழியாக, ஸ்டட்டைச் சுற்றியே. அந்த ஸ்டட்டின் தலையில் செம்பு வாஷருக்குப் பதில் இரும்பு வாஷர் போட்டால் மரை வழியே ஆயில் ஊறி வந்துகொண்டே இருக்கும். புதிய ஹெட் பேக்கிங் கசிகிறது என்ற புகாரில் பாதி இதுதான்.

நட் நான்கும் போன பிறகும் ஹெட் அசையாது. இடப்பக்கத்தில், செயின் போகும் சுரங்கத்துக்கு வெளியே, ஹெட்டைச் சிலிண்டரோடும் சிலிண்டரைக் கேஸோடும் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுகள் தனியாக உண்டு. அழுக்கு மூடியிருப்பதால் கண்ணில் படாது. அவற்றை மறந்துவிட்டுச் சுத்தியால் அடித்தால் ஹெட்டின் காது உடைந்து கையில் வரும். கழற்றியும் வராவிட்டால் நைலான் சுத்தியால் தடித்த பாகத்தில் மட்டும் தட்டுங்கள். இறக்கைகளுக்கு இடையில் திருப்புளியை விட்டு நெம்பக் கூடாது. சிலிண்டரை உருவும் முன் அதன் பக்கத்தில் உள்ள செயின் ரோலர் போல்ட்டைக் கழற்ற வேண்டும். அந்தப் போல்ட்டின் அடியில் உள்ள வாஷரும் கசிகிற வாஷர்தான், மாற்றிவிடுங்கள்.

சிலிண்டர் வெளியே வந்த அடுத்த நொடி, கேஸின் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிடுங்கள். பிஸ்டன் பின்னின் லாக் துள்ளி உள்ளே விழுந்தால் இன்ஜினைப் பாதியாகப் பிளக்கும் வேலை வந்து சேரும்.

முகத்தைச் சுத்தம் செய்வது

வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது, ஆனால் எல்லோரும் அவசரப்படுவதும் இங்கேதான். பழைய பேக்கிங்கைத் தின்னர் ஊற்றி ஊற வைத்து, பிளேடைப் படுக்க வைத்துச் சுரண்டுங்கள். அலுமினியம் மெத்தென்ற உலோகம். உள்ளிருந்து வெளிவிளிம்பு வரை ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் ஆயிலுக்கு அது வாய்க்கால். கிரைண்டரில் மாட்டும் பிரஷ், எமரி சக்கரம் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் பொடி ஆயிலில் கலந்து பேரிங்குக்குப் போகும்.

பிறகு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, சில சொட்டு ஆயில் விட்டு, ஹெட்டின் முகத்தைக் கவிழ்த்து எட்டு போடுவது போல மெதுவாக நான்கைந்து முறை தேயுங்கள். முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வந்தால் நேராக இருக்கிறது. நடுவில் பளபளப்பான தீவு மிஞ்சினால் அந்த இடம் குழி. கண்ணாடியின் மேல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள், 0.05 மி.மீ. இதழ் நுழையாவிட்டால் கவலையில்லை. அதற்கு மேல் வளைவு இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து முகம் எடுப்பது நல்லது. சூடான இன்ஜினில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும், நட்டை ஒரே மூலையில் முழுதாக இறுக்குவதும் ஹெட்டை வளைத்துவிடும்.

அடி மூடிய துளைகளில் ஆயில் தேங்கியிருந்தால் துணித் திரி விட்டு உறிஞ்சி எடுங்கள். ஆயில் நிற்கும் துளையில் போல்ட்டை இறுக்கினால் அது எங்கும் போக வழியில்லாமல் கேஸையே வெடிக்க வைக்கும். டார்க்கும் பொய் சொல்லும்.

திரும்பக் கோர்ப்பது

சிலிண்டருக்கும் கேஸுக்கும் நடுவே வரும் அடிப் பேக்கிங்கைக் காய்ந்தபடியே போடலாம். ஷெல்லாக் பசை தடவித்தான் ஆக வேண்டும் என்றால் விரலில் தொட்டுப் பூசிய மெல்லிய படலம் போதும். ஹெட் பேக்கிங்கில் எதையும் தடவக் கூடாது. இரண்டு பேக்கிங்கிலும் ஆயில் ஏறும் துளை கேஸில் உள்ள துளையோடு பொருந்துகிறதா என்று கண்ணால் பாருங்கள். திருப்பிப் போட்டால் சில பேக்கிங்குகளில் அந்தத் துளை மறையும். கேமுக்கு ஆயில் போகாமல் போய்விடும். பாகங்களை நேராகச் சேர்க்கும் குழல் பின்களும், ஆயில் துளையைச் சுற்றி ரப்பர் வளையம் இருந்தால் அதுவும், விடுபடக் கூடாது.

பிஸ்டன் தலையில் ஐஎன் குறி இருந்தால் அது இன்டேக் பக்கம், அதாவது மேலே வர வேண்டும். ரிங் வாய்களை 120 டிகிரி இடைவெளியில் பிரித்து வையுங்கள். சிலிண்டரை இறக்கும்போது ரிங்கை விரல் நகத்தால் அமுக்கி விட்டால் தானாக நுழையும். சிக்கினால் தள்ள வேண்டாம், வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள்.

ஸ்டட் 6 மி.மீ. என்றால் ஹெட் நட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். 8 மி.மீ. என்றால் பொதுவாக 20 முதல் 25. ஒரே மூச்சில் இறுக்காமல், 6 மி.மீ.க்கு முதலில் 5, பிறகு 8, கடைசியாக 11 என்று மூன்று சுற்று, மூலைவிட்டமாக. பக்க போல்ட்டுகள் இதற்குப் பிறகுதான். அவற்றை முதலில் இறுக்கினால் ஹெட் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடும், நட் எவ்வளவு இறுக்கினாலும் மறுபக்கம் கசியும்.

டைமிங்குக்கு மேக்னெட்டில் டி, ஸ்ப்ராக்கெட்டில் வட்டம், இரண்டும் அந்தந்தக் குறிக்கு நேராக. டென்ஷனரைப் போட்டபின் கையால் இடஞ்சுழியாக, இடப்பக்கமிருந்து பார்த்தபடி, இரண்டு முழுச் சுற்று சுற்றி மீண்டும் குறிகளைப் பாருங்கள். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். பல் மாறியிருக்கிறது, இன்னும் சுற்றினால் வால்வு வளையும். டேப்பெட் இடைவெளி இரண்டுக்கும் 0.05 மி.மீ., இன்ஜின் குளிர்ந்த நிலையில்.

ஆயில் சீல்கள்

செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் உள்ளதுதான் அடிக்கடி போவது. கடற்கரையில் ஓடும் வண்டி என்றால் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றியதும் பாருங்கள்: வலையின் நைலான் நூல் தண்டில் சுற்றி, உருகி, சீலின் உதட்டுக்கு அடியில் போயிருக்கும். தோட்டத்து வண்டியில் புல்லும் சணலும். செயினை விறைப்பாக வைத்திருந்தால் தண்டு ஒரு பக்கம் இழுபட்டு பேரிங்கும் போகும். ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் சீல் மாற்றுவது வீண், பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

பழைய சீலின் முகத்தில் சின்னத் துளை போட்டு, தகடு ஸ்க்ரூ ஒன்றைத் திருகி, அதைக் கொறடால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஸ்க்ரூ ஆழமாகப் போனால் பின்னால் இருக்கும் பேரிங்கைக் கீறும், கவனம். தண்டைத் துடைத்துவிட்டு, சீல் உரசும் இடத்தில் நகத்தை நெடுக்காக இழுங்கள். நகம் சிக்கினால் பழைய சீல் அங்கே பள்ளம் தோண்டியிருக்கிறது. புதிய சீலை அதே ஆழத்தில் உட்கார வைத்தால் உதடு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே விழும். ஒரு மி.மீ. குறைவாக அடித்தால் உதடு பள்ளம் இல்லாத இடத்தில் பதியும்.

ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து உள்ளே, எண் தெரியும் பக்கம் வெளியே. தண்டின் பல்லில் செல்லோ டேப்பை ஒரு சுற்று சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி நுழையுங்கள். டேப் இல்லாமல் தள்ளினால் பல் உதட்டைக் கிழிக்கும். சீலின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே சிறிய சாக்கெட்டை மேலே வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். கியர் தண்டின் சீலுக்கும் இதே முறைதான். மேக்னெட்டுக்குப் பின்னால் உள்ள கிராங்க் சீலுக்கு மேக்னெட் புல்லர் வேண்டும், திருப்புளியால் நெம்பினால் மேக்னெட் போய்விடும். மேக்னெட்டுக்குள் காயில் மாட்டியிருக்கும் தட்டின் பின்னால் இருக்கும் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள்.

கிளட்ச் மூடிக்கு வரும் 6 மி.மீ. போல்ட்டுகள் ஒரே நீளமில்லை. அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வைத்தால் குழப்பம் வராது. நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் திருகினால் அது அடியில் முட்டி நிற்கும். இறுகிவிட்டது போல் தோன்றும், மூடி இறுகியிருக்காது. எல்லாவற்றுக்கும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். கசிவை அடைக்கும் ரப்பர் பசையான அனபாண்டைப் பற்பசை போல் பிதுக்கிப் பூசும் பழக்கம் ஆபத்து. உள்ளே பிதுங்கிய ரப்பர் புழு காய்ந்து, உதிர்ந்து, ஆயில் ஜல்லடையில் போய் ஒட்டும். பம்ப் உறிஞ்ச ஆயில் இல்லாமல் கேம் கடிக்கும். நல்ல முகமும் புதிய பேக்கிங்கும் இருந்தால் அது தேவையே இல்லை.

முதல் ஸ்டார்ட்

ஆயில் ஊற்றியதும் பிளக்கைக் கழற்றி, வயர் முனையை இன்ஜின் உடலில் தொட வைத்து, செல்ஃபில் ஐந்து ஐந்து நொடியாகச் சில முறை சுற்றுங்கள். முனை அந்தரத்தில் தொங்கினால், தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டி கெடும். பிறகு பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்து, ஐடிலில் மேல் டேப்பெட் மூடியை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். ஓரத்தில் ஆயில் ஈரம் வர வேண்டும். ஒரு நிமிடமாகியும் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள், ஆயில் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது.

பத்து நிமிடம் ஓடவிட்டு, முழுதாக ஆறிய பின், பெரும்பாலும் மறுநாள் காலையில், ஹெட் நட்டின் டார்க்கையும் டேப்பெட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். பேக்கிங் அமுங்கி உட்கார்ந்ததில் இடைவெளி சற்றே மாறியிருக்கும். ரிங் மாற்றியிருந்தால் முதல் இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலைத் தென்னைக்கு ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

கடைசியாக மறுபடி முகப்பவுடர். இந்த முறை வெள்ளை அப்படியே நிற்க வேண்டும். ஹெட்டின் வட்ட மூடிக்கு அடியில் மட்டும் லேசாக நனைந்தால் பேக்கிங்கைத் தொட வேண்டாம். வலப்பக்கத்து நீள போல்ட்டின் வாஷரை மாற்றிப் பாருங்கள்.